உள்ளே போகாத நகல்

கம்ப்யூட்டர் பாடம் நடத்தப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது, ஆனாலும் ஆறு வருஷமாக என் வீட்டுக் கூடத்தில் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஹிந்தியோ, தையலோ, வீணையோ, வீட்டுக் கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அடுத்தவர் மண்டையில் எதையாவது ஏற்றப் பார்க்கிற சக பாவப்பட்ட ஜென்மங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதுதான் படிக்க வந்தவருக்குச் சந்தேகம் வரும் என்பதை உங்களைத் தவிர வேறு யாருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியும்?

நான் தஞ்சாவூர் கான்வென்ட்டில் படித்தவள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்ட காலத்தில், அங்கே மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போய் நானும் கற்றுக்கொண்டேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்கா போனார்கள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு நன்னிலம் வந்தேன். பெண் பெங்களூரில் வேலைக்குப் போனதும், அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பைத்தான் கற்றுக்கொண்டு கேட்டில் போர்டு மாட்டினேன். புதிதாக வருகிறவர்களை மிரட்டாத கம்ப்யூட்டர் மொழி அது. மிரட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். போர்டைப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சொன்னது இது: "உனக்கு யாரையாவது திட்டணும். அதுக்கு ஃபீஸ் வேற வாங்கப் போறே."

மஸ்கட்டிலிருந்து வந்த மாணவர்

கலியமூர்த்தி சாருக்கு ஐம்பத்து நாலு வயது. என்னைவிட ஐந்து வயது பெரியவர். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, பக்கத்துக் கிராமத்தில் சொந்த வயலைப் பார்க்கத் திரும்பி வந்தவர். ஊர்க்காரர்கள் அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள்: தை மாசம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாடகைக்கு வருகிற அறுவடை மெஷினை யார் வயலுக்கு முதலில் அனுப்புவது, யார் வயலுக்கு அடுத்து அனுப்புவது என்று வரிசை போடும் வேலை.

கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். உள்வயல்களுக்கு ரோடு கிடையாது. முன்னால் இருக்கிற வயலை அறுத்தால்தான் மெஷின் அதன் மேல் ஏறி உள்ளே போக முடியும். அந்த ஊரில் ரோட்டோரம் தங்கராசு என்பவருடைய நிலம் ரெண்டு வேலி, அதாவது பன்னிரண்டு பதிமூன்று ஏக்கர். அதற்குப் பின்னால், வாய்க்காலின் கடைக்கோடியில், மல்லிகா என்கிற அம்மா குத்தகைக்கு எடுத்த நாலு மா, ஒன்றேகால் ஏக்கர்தான். போன வருஷம் தங்கராசு மெஷினைத் தன் நிலம் முழுக்க முடியும்வரை விடவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மல்லிகாவின் நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டுவிட்டது. குத்தகை நெல் அளக்க அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனார்.

இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். தங்கராசு நிலத்தில் வழிக்கு வேண்டிய பங்கை மட்டும் முதலில் அறுப்பது; பிறகு உள்ளே போய் மல்லிகாவுக்கு முடிப்பது; அப்புறம் திரும்பி வந்து தங்கராசின் மீதி. தங்கராசும் தலையாட்டிவிட்டார். ஆனால் மெஷின் வந்து நிற்கும்போது, கூட்டத்தில் ஆட்டிய தலை எல்லோருக்கும் மறந்துபோகும். முதல் நாள் வகுப்பில், 'இந்த வயசில் பைத்தான் எதுக்கு சார்?' என்று நான் கேட்டதற்குக் கலியமூர்த்தி சார் சொன்னார்: "அந்த அம்மா வயல் இந்தத் தை மாசமும் நிக்கக் கூடாது மேடம். அதுக்குத்தான் வந்தேன், சர்டிபிகேட்டுக்கு இல்ல."

மணிக்கு மொட்டை

பைத்தானில் டிக்ஷனரி என்று ஒரு ஏற்பாடு உண்டு. இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் அதற்கான விவரம். கலியமூர்த்தி சாருடைய டிக்ஷனரியில் இடது பக்கம் வாய்க்காலின் பெயர். வலது பக்கம் அந்த வாய்க்காலில் பாயும் வயல்காரர்களின் வரிசை. ஒரு வயல் அறுத்து முடிந்ததும் அந்தப் பெயரை அடித்துவிட்டால் அடுத்த பெயர் மேலே வரும். நேர்த்தியான ஏற்பாடு. நான் சொல்லிக்கொடுத்ததாயிற்றே.

மனிதர் ஒருநாள் முகம் வாடி வந்தார். அசல் பட்டியல் அப்படியே இருக்கட்டும் என்று, 'இன்று' என்று இன்னொரு பெயர் வைத்து நடுவில் சமன் குறி போட்டாராம். 'இன்று' பட்டியலில் ஒரு பெயரை அடித்தால் அசலிலும் அது காணாமல் போகிறதாம். "எங்க ஸ்டோர்ல பில் போட்டா கார்பன் வெச்சு வெள்ளை, ரோஸ், மஞ்சள்னு மூணு வரும் மேடம். மஞ்சளைக் கிழிச்சா வெள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"உங்களை வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். மணி என்றார். "மணிக்கு மொட்டை போட்டா கலியமூர்த்தி தலையில முடி இருக்குமா? சமன் குறி போட்டா நகல் வராது சார். அதே ஆளுக்கு இன்னொரு பேருதான் வரும்." என்னிடம் தப்புக்கு ஒரே தண்டனைதான். கான்வென்ட்டில் சிஸ்டர் எனக்குக் கொடுத்தது: பத்து தடவை நோட்டில் எழுத வேண்டும், கையெழுத்து அழகாக இருக்க வேண்டும். ஐம்பத்து நாலு வயதுக்காரர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்: "மஸ்கட்ல அரபி முதலாளிகூட என்னை இம்போசிஷன் எழுத வெச்சதில்ல மேடம்."

என் வாய் செய்த வேலை

அடுத்த வகுப்பில் காப்பி என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். அதைப் போட்டால் டிக்ஷனரிக்கு நிஜமாகவே ஒரு நகல் பிறக்கும். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கண்முன்னால் செய்தும் காட்டினேன். நகலில் ஒரு வாய்க்காலையே தூக்கினேன். அசலில் அது அப்படியே இருந்தது. நகலில் இல்லாத ஒரு வாய்க்காலைச் சேர்த்தேன். அசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பார்த்துக்கோங்க! இனிமே நீங்க நகல்ல என்ன ஆட்டம் ஆடினாலும் அசல் பத்திரம்" என்று வெள்ளைப் பலகையில் அடிக்கோடு போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சார் கையில் ஒரு நோட்டு இருந்தது. வயல் வயலாக நடந்து எழுதிய பட்டியல், அடித்தல் திருத்தலோடு. "இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம்னு ரெண்டு இடத்துல வெச்சா ரெண்டும் குழம்பும். கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்ல, இதைத் தூக்கிப் போடுங்க" என்றேன். அவர் என் வாக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். மறுநாள் பெருமையாக வந்து சொன்னார்: "எரிச்சுட்டேன் மேடம். இப்ப மனசு லேசா இருக்கு."

மெஹரு கேட்ட சந்தேகம்

அதே வகுப்பில் இன்னொருத்தி மெஹருன்னிசா. பள்ளிவாசல் தெரு, முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் குவைத்தில். பயிற்சிக்கு ஆளுக்கொரு பட்டியல் தேடி அலைய வேண்டாமென்று, கலியமூர்த்தி சாருடைய அறுவடைப் பட்டியலையே பென்டிரைவில் எடுத்துப்போய் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்து மெல்ல ஆரம்பித்தாள். "டீச்சர், காப்பி போட்டும் ஒரு ஆளை அடிச்சா அசல்லேயும் போயிடுது. வாய்க்காலை அடிச்சாதான் போக மாட்டேங்குது."

எனக்கு அன்றைக்கு ரசத்துக்குப் பருப்பு வேகவில்லை, சிலிண்டர் வரவில்லை, பெண் போன் எடுக்கவில்லை. ஆசிரியை என்றால் கேள்வியைக் காதில் வாங்க வேண்டும். நான் கேட்டவளை முறைத்தேன். "சமன் குறி போட்டிருப்பே. போய்ச் சரியா அடி" என்றேன். லேப்டாப்பை மூடி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "சரிங்க டீச்சர். சரியாவே அடிக்கிறேன்."

ஆளில்லாத வாய்க்கால்

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். காலையில் இட்லி மாவுக் கரண்டியோடு போனை எடுத்தேன். கலியமூர்த்தி சார். பின்னால் மெஷின் உறுமுகிற சத்தம். மெஷின் வந்துவிட்டது, வானம் மூட்டம் போட்டிருக்கிறது, பட்டியலைத் திறந்தால் வாய்க்கால் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நேரே இருக்க வேண்டிய ஆட்கள் மட்டும் இல்லை என்றார்.

நம் வாத்தியார் ஜாதிக்கே உரிய குணம், முதலில் பாய்ந்தேன். "என்ன அடிச்சுத் தொலைச்சீங்க?" அவர் நிதானமாகச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தாராம். அசலுக்குக் காப்பி போட்டு, அந்த நகலில் ஒவ்வொரு பெயராகக் கடைசி ஆள் வரை அடித்துப் பார்த்தாராம். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு அசலைச் சேமித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாராம். "ஒரு எழுத்துகூட மாத்தல மேடம், நீங்க பலகையில எழுதினதேதான்."

அடுப்பை அணைத்துவிட்டு என் லேப்டாப்பில் சும்மா நாலு பெயரைப் போட்டுச் செய்து பார்த்தேன். காப்பி போட்டு, ஒரு பெயரை அடித்தேன். அசலைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் வாய்க்காலைத் தூக்கிக் காட்டினேனே தவிர, வாய்க்காலுக்குள் இருந்த ஓர் ஆளையும் தொட்டுப் பார்க்கவில்லை. மெஹரு இதைத்தான் சொன்னாள். போனை நான் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தங்கராசின் குரல் நன்றாகக் கேட்டது. "லிஸ்ட்டு லிஸ்ட்டுன்னீங்களே, காட்டுங்க பார்ப்போம். பேரே இல்லாத லிஸ்ட்டா? அப்ப எப்பவும் போல என் வயல்லேர்ந்து ஆரம்பிச்சு முழுசா முடிச்சுட்டுத்தான் வண்டி நகரும்."

கொத்து ரெண்டு, பீரோ ஒண்ணு

பள்ளிவாசல் தெருவுக்கு நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தேன் என்பதை என் மாமியார் வீட்டாரிடம் யாரும் சொல்ல வேண்டாம். மெஹரு பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. "நீ கேட்டது சரி. நான்தான் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். சாரோட பட்டியல் உன்கிட்ட மிச்சம் இருக்கா?" என்றேன். மூச்சு வாங்கியது. பாதி நடையால், பாதி அந்த வாக்கியத்தால்.

லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாப் பெயரும் இருந்தது. தங்கராசு (வழிக்கு), மல்லிகா, தங்கராசு (மீதி), அப்படியே மற்ற வாய்க்கால்களும். அடிபட்ட பெயரைப் பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு, அதன் பிறகு அசலைத் தொடாமல் நகலில் மட்டும் விளையாடியிருந்தாள். எப்படி என்று கேட்டேன். என் வீட்டிலிருந்து போன அன்றே தேடிப் பிடித்திருக்கிறாள். டீப்காப்பி என்று ஒன்று இருக்கிறதாம். அதுதான் உள்ளே இருக்கிற வரிசையையும் சேர்த்துப் புதிதாக எழுதுமாம். "வெறும் காப்பி வந்து, எங்க மச்சான் சாவிக்கொத்துக்கு ஒரு டூப்ளிகேட் செஞ்ச மாதிரி டீச்சர். கொத்து ரெண்டு. எந்தக் கொத்தால திறந்தாலும் பீரோ ஒண்ணுதான். அவங்க குவைத்துக்குக் கொண்டு போன கொத்துலேர்ந்து ஒரு சாவியைக் கழட்டிப் போட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா லீவுக்கு வந்து பீரோவுல இருந்த நகையை எடுத்தாங்கன்னா, என் சாவியில திறந்தாலும் நகை இருக்காது."

ஆறு வருஷமாக நடத்துகிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, நெஞ்சும் நிமிர்ந்து நின்றது. என் கூடத்தில், என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படித்தவள்! "தெரிஞ்சதை என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானேடி?" என்று கேட்டேன். அவள் டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "நீங்க சரியா அடின்னு சொன்னீங்க. நான் சரியா அடிச்சுட்டேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

நாலு மா

ஜெராக்ஸ் கடைக்காரரை ஷட்டர் தூக்கவைத்து இரண்டு பிரதி எடுத்தோம். மெஹருவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் பேப்பரும் ஒரு கையில் உயிருமாகப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெஷின் தங்கராசு வயலில் இறங்கிவிட்டிருந்தது. கலியமூர்த்தி சார் வரப்பில் நின்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். மல்லிகா தலையில் முக்காடு போட்ட துண்டோடு கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெல் ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

"இது எங்கேர்ந்து வந்த லிஸ்ட்டு? இப்ப அடிச்சதா?" என்றார் தங்கராசு. நான் வாயைத் திறப்பதற்குள் மெஹரு முன்னால் போனாள். "இல்லைங்க அண்ணே. உங்க பேரே ரெண்டு தடவை வருது பாருங்க, வழிக்குன்னு ஒண்ணு, மீதின்னு ஒண்ணு. கூட்டத்துல நீங்க ஒத்துக்கிட்டதை நான் எப்படி வீட்ல உக்காந்து கண்டுபிடிச்சிருப்பேன்?" சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். தங்கராசு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்குள் மெஷின் ஓட்டுகிற ஆத்தூர்க்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க, வண்டி நின்ன இடத்துல டீசல் குடிக்குது" என்றார். தங்கராசு பேப்பரைக் கலியமூர்த்தி சார் கையில் திணித்துவிட்டு, "வழிக்கு மட்டும் அறுத்துட்டு உள்ள போங்கய்யா" என்று வண்டிப்பக்கம் கை காட்டினார்.

மத்தியானத்துக்குள் மல்லிகாவின் நாலு மாவும் அறுத்து, நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாய் மூடியாகிவிட்டது. நாங்கள் கிளம்பும்போது முதல் தூறல் விழுந்தது. மல்லிகா கலியமூர்த்தி சாரிடமிருந்து அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "குத்தகைச் சீட்டுலகூட நிலத்துக்காரங்க பேருதான் மேல இருக்கும். இதுலதான் என் பேரை நடுவுல போட்டிருக்கீங்க, அடிக்காம."

கையெழுத்து

அடுத்த வகுப்பில் நான் வெள்ளைப் பலகையைத் துடைத்தேன். அடிக்கோடு போட்டிருந்த அந்த வாக்கியம் அழியாத மார்க்கரில் எழுதியது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் லேசாகத் தெரிந்தது. பரவாயில்லை என்று அதன் கீழேயே மெஹருவை எழுதச் சொன்னேன். அவள் சாவிக்கொத்துப் படம் போட்டு, பீரோ படம் போட்டு, டீப்காப்பியை விளக்கினாள். கலியமூர்த்தி சார் ஒத்திகை பார்த்தார், கடைசி ஆள் வரை அடித்தார், அசல் அசையவில்லை. இனி டீப்காப்பி வகுப்பை அவளே எடுக்கிறாள் என்று அங்கேயே அறிவித்தேன். 'கேட்கவே இல்லையே டீச்சர்' என்றாள். எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை என்றேன்.

கையோடு கையாக, பட்டியலைப் பேப்பரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்படி சாரிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். பட்டியல் எழுதத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார். மெஹரு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சார் முகத்தில் சிரிப்பே இல்லை. "பத்து தடவை மேடம். கையெழுத்து அழகா இருக்கணும்."

என் தகுதிக்குச் சான்றாக இன்றைக்கு எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குவது 'வெறும் காப்பி உள்ளே போகாது' என்று நான் எழுதிய அந்தப் பத்து வரிகள்தான், அதிலும் ஏழாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனதென்று கலியமூர்த்தி சார் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.